மூளைத்திறன் பரிசோதனை: யாரிடம் போவது?

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட அத்தா குணமாகி வீடு திரும்பிவிட்டார். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் கடைக்கணக்கு தப்புகிறது. எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது. இன்னொரு வீட்டில், வாய் ஓயாமல் பேசும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. அத்தாவுக்குத் தாயத்து தேடுகிறோம். பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். மாதங்கள் வீணாகின்றன.

இருவருக்கும் தேவை நரம்பு உளவியல் மதிப்பீடு. ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டும். நினைவு, கவனம், மொழி, திட்டமிடல் எப்படி இயங்குகின்றன என்பதை இந்த மதிப்பீடு காட்டும். இதில் ஊசி கிடையாது. கேள்விகள், படங்கள், எழுத்து வேலைகள்தான். சில மணி நேரம் பிடிக்கும்.

யாரைத் தேடுவது?

'நியூரோ சைக்காலஜிஸ்ட்' என்ற பெயர்ப்பலகை கண்ணில் படவில்லையே என்று சோர வேண்டாம். நம் நாட்டில் இதைப் பெரும்பாலும் செய்பவர்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள். அவர்கள் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எங்கே தொடங்குவது?

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்து, பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அடுத்த படி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. சிக்கலான நிலை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். எங்கே போவதென்று குழப்பமா? டெலி மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கொண்டு போக வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பிள்ளையின் நோட்டும் மார்க் ஷீட்டும். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் மறக்க வேண்டாம். வீட்டில் உருது பேசுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழகாத மொழியில் சோதித்தால் மதிப்பெண் குறைந்து, இல்லாத குறை இருப்பதாகத் தெரியும்.

அறிக்கையால் என்ன பயன்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அடிபட்டவருக்கு எந்த வேலையை எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்பதும் தெரியும்.

வெளியே தெரிந்தால் பிள்ளைகளின் சம்பந்தம் கெடும் என்று பலர் தயங்குகிறோம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தந்திருக்கிறது. மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. துஆவும் செய்வோம், மருத்துவரையும் பார்ப்போம்.