ராத்திரி தூக்கம் கெட்டால் வலிப்பு வரும்: பெற்றோர்களே உஷார்!

காக்கா வலிப்பு உள்ள பிள்ளை ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கிறது. காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. வகுப்பில் தூங்கி விழுகிறது என்று டீச்சரிடம் இருந்து புகார் வேறு. சோம்பேறி என்று திட்டி இரண்டு அடியும் போடுகிறார்கள் சில பெற்றோர். ஆனால் தப்பு பிள்ளை மேல் இல்லை. வலிப்பும் தூக்கமும் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

தூக்கம் குறைந்தால் மூளையில் வலிப்பு கிளம்புவது சுலபமாகிறது. ராத்திரியில் வலிப்பு வந்தால் தூக்கம் கெடுகிறது. மறுநாள் மறுபடியும் வலிப்பு. இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

தூக்கத்திலேயே வரும் வலிப்பு

சுமார் 3 வயதில் இருந்து 13 வயதுக்குள் தொடங்கும் 'ரோலாண்டிக்' என்ற வகை வலிப்பு பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். முகம் ஒரு பக்கம் இழுக்கும், எச்சில் வடியும், பேச்சு வராது. பயப்பட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 16 வயதுக்குள் இது நின்று விடும்.

டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு வரும் இன்னொரு வகையில், காலையில் எழுந்ததும் கை 'வெடுக் வெடுக்' என்று உதறி டம்ளர் கீழே விழும். பரீட்சைக்கு கண் விழித்துப் படித்த மறுநாளும், திருவிழாவில் விடிய விடிய முழித்த மறுநாளும் இது அதிகமாகும்.

கெட்ட கனவா? வலிப்பா?

தூங்கிய முதல் 2, 3 மணி நேரத்தில் பிள்ளை அலறி எழுந்து, காலையில் எதுவும் ஞாபகம் இல்லை என்றால், அது வெறும் ராத்திரி பயமாக இருக்கலாம். ஒரே மாதிரி அசைவு, ஒரே ராத்திரியில் பல தடவை, ஒவ்வொன்றும் 2 நிமிடத்துக்குள் என்றால் வலிப்பு சந்தேகம் உண்டு. செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பினோபார்பிடோன், குளோபசாம் போன்ற மருந்துகள் பகலில் தூக்கக் கலக்கம் தரும். லாமோட்ரிஜின் சிலருக்கு தூக்கத்தைக் கெடுக்கும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

எவ்வளவு தூங்கணும்?

ஒரு நாளைக்கு 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். லீவு நாளிலும் ஒரே நேரத்தில் படுக்க வையுங்கள். படுப்பதற்கு 1 மணி நேரம் முன்பே டி.வி., செல்போனை அணைத்து விடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

வலிப்பு வந்தால்...

கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்காது. வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிப் பிடிக்காமல், இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாக சாய்த்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

இனி பிள்ளை வகுப்பில் தூங்கினால் பிரம்பைத் தேடாதீர்கள். ராத்திரி எப்படி தூங்கியது என்று முதலில் கேளுங்கள். அந்த விவரத்தை டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.