மூன்று ஊர்களில் பதிந்த ஒரு தட்டு

1956-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எல்விஸ் பிரெஸ்லி என்ற இருபத்தொரு வயதுப் பாடகனின் பெயரையே தலைப்பாகச் சூட்டி ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனியார் வெளியிட்ட எல்.பி. இசைத்தட்டு, ராக் அண்ட் ரோல் சங்கீதத்திலிருந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியை முதன்முதல் எட்டி, பத்து வாரம் அங்கேயே நிலைபெற்றதென்பது பிரசித்தமான சரித்திரம். இத்தனை கியாதி பெற்ற தட்டு ஒரு தீர்க்கமான சங்கல்பத்தின் பேரில் ஒரே மூச்சில் உருவாகியிருக்கும் என்று எண்ணுகிறவர், அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால் சற்றுத் திகைத்துத்தான் போவார். அதில் உள்ளவை பன்னிரண்டு பாட்டுகள். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம்கூட ஓடா. அவற்றிலும் ஐந்து, வேறொரு கம்பெனியின் அலமாரியில் வெளியீடு காணாமல் கிடந்த பழைய சரக்கு.

அந்த வேறொரு கம்பெனி, மெம்பிஸ் நகரத்து யூனியன் அவென்யூவில் 706-ஆம் இலக்கமிட்ட சிறு கட்டடத்தில் ஸாம் ஃபிலிப்ஸ் நடத்திவந்த ஸன் ரிக்கார்ட்ஸ். நீக்ரோ பாடகர்களுடைய ப்ளூஸ் சங்கீதத்தின்மேல் மாளாத மோகம் கொண்ட ஃபிலிப்ஸ், லாரி ஓட்டிப் பிழைத்துவந்த எல்விஸைக் கிட்டார்க்காரர் ஸ்காட்டி மூருடனும் பாஸ் வாசித்த பில் பிளாக்குடனும் இணைத்து, 1954 ஜூலையில் ஆர்தர் க்ருடப்பின் பழைய ப்ளூஸ் பாட்டொன்றைப் பாடவைத்துப் பதிவு செய்தார். ஒலிநாடா இயந்திரங்கள் இரண்டைக் கொண்டு, குரல் ஒரு கணம் பின்தங்கித் தன்னையே துரத்திவருவதுபோன்ற ஓர் எதிரொலியை உண்டாக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. ஆனால் சிறு முதலாளிக்குக் கடன் உபத்திரவம் ஓயாது. 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு அவர் ஆர்.சி.ஏ.வுக்கு விற்றபோது, பதிவு நாடாக்களும் அதனுடன் கைமாறின. அவருடைய காதை மட்டும் விலைக்கு வாங்க முடியவில்லை.

1956 ஜனவரி 10, 11 தேதிகளில் நாஷ்வில்லில் நடந்த முதற்பதிவிலேயே அந்தக் குறை புலப்பட்டது. மெதடிஸ்ட் திருச்சபையின் திரைப்பட அமைப்புக்குச் சொந்தமான கட்டடத்தில் இருந்த பதிவகத்தில், ஸ்டீவ் ஷோல்ஸின் மேற்பார்வையில், செட் அட்கின்ஸ் போன்ற கைதேர்ந்த வித்துவான்கள் சூழ்ந்திருந்தும், மெம்பிஸின் அந்த எதிரொலி மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் கட்டடத்தின் நடைப்பகுதியில் ஒரு ஒலிபெருக்கியை வைத்துப் பாட்டை முழங்கவிட்டு, வெற்றுச் சுவர்களில் மோதித் திரும்பிய ஓசையை ஒரு மைக்கினால் வாங்கிச் சமாளித்தார்கள். அந்தக் குகைத்தொனியால் உலகப் பிரசித்தி பெற்ற ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ தனித்தட்டாகப் போய்விட்டது. நான் பேசுகிற எல்.பி.யில் அது இல்லவே இல்லை.

மாத முடிவில் நியூயார்க்கில் மிச்சம் பதிவாயிற்று. அங்கே முதலில் எடுத்துக்கொண்டது ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’. அது கார்ல் பெர்க்கின்ஸ் எழுதிப் பாடி, அதே ஸன் கம்பெனி வெளியிட்டு, அப்போதுதான் விற்பனையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டு; எல்விஸை விற்ற பணத்தைக் கொண்டு ஃபிலிப்ஸ் தூக்கிவிட நினைத்ததும் இந்தப் பெர்க்கின்ஸைத்தான். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: எல்விஸின் எல்.பி. வெளிவருவதற்கு முதல்நாள், மார்ச் 22 அன்று, டெலிவிஷனில் பாட நியூயார்க் போய்க்கொண்டிருந்த பெர்க்கின்ஸ், வழியில் நேர்ந்த மோட்டார் விபத்தில் பலத்த காயமடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். லிட்டில் ரிச்சர்டின் ‘டூட்டி ஃப்ரூட்டி’யும் ரே சார்ல்ஸின் ‘ஐ காட் எ வுமன்’ பாட்டும்கூட இப்படி இரவல் வாங்கியவையே. முன்னதில் எல்விஸ் வேகத்தைப் பிடித்தாரே ஒழிய, ரிச்சர்டின் வெறியைப் பிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பின்னதில் கடனை வட்டியுடன் தீர்த்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் விட என் மனத்தைப் பிணித்தது, ஃபிலிப்ஸ் வெளியிடத் துணியாமல் வைத்திருந்த ‘ப்ளூ மூன்’. 1930-களில் ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் இயற்றிய நாகரிகமான காதல் பாட்டு அது. குதிரைக் குளம்போசைபோல் டொக்டொக்கென்ற ஒரு தாளமும் அடங்கிய கிட்டாரும் பின்னால் நகர, எல்விஸ் அந்தப் பாட்டின் நடுப்பகுதியை அடியோடு விட்டுவிட்டு, காதல் கைகூடிய சந்தோஷத்தைச் சொல்லும் முடிவையும் தள்ளிவிட்டு, அந்த இடங்களில் சொல்லே இல்லாமல் கள்ளக்குரலில் மேலே ஏறி ஊளையிடுகிறார். சாஹித்யத்தைக் கைவிட்டதனால் பாட்டு கெடவில்லை; ஏங்கிக் கிடப்பவனுக்கு விமோசனமே கிடையாது என்ற அர்த்தம் அதற்குப் புதிதாக வந்து சேர்ந்தது. நாஷ்வில்லிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிவகங்களில் எடுத்த ஏழு பாட்டுகளில் ஒன்றாவது இதற்கு ஈடு என்று என்னால் சொல்ல முடியாது.

அட்டைப் படமும் பழையதே: 1955 ஜூலையில் ஃப்ளோரிடாவிலுள்ள டாம்பாவில் நடந்த கச்சேரியில், கண்ணை மூடி வாயை அகலத் திறந்து கிட்டாருடன் நிற்கும்போது பிடித்த கறுப்பு வெள்ளைப் படம்; இடப்புறம் மேலிருந்து கீழாகப் பெயரின் முற்பாதி ரோஜா நிறத்திலும், அடியில் பிற்பாதி பச்சையிலும். எல்.பி. என்பது வயதும் வசதியும் உள்ளவர்கள் நாடக சங்கீதத்துக்கென்று வாங்கும் பொருள், வாலிபர்களுக்குச் சின்னத் தட்டே போதும் என்றிருந்த வியாபார நம்பிக்கையை இந்த விற்பனை ஆட்டிவிட்டது. ஆயினும் கம்பெனியார் பழைய வழக்கத்தை விட்டபாடில்லை. அதே வருஷம் ஆகஸ்டு முடிவில், அத்தனை சிரமப்பட்டு மூன்று ஊர்களிலிருந்து சேர்த்த பன்னிரண்டு பாட்டுகளையும் மறுபடி பிரித்து, தட்டுக்கு இரண்டாக, ஒரே சமயத்தில் சின்னத் தட்டுகளாகவும் கடைக்கு அனுப்பினார்கள்.