சாவியைக் கொடுக்கும் முன்: இளம் ஓட்டுநர் கல்வி கடந்துவந்த பாதை



பள்ளி முடியும் வேளையில் வாயிலருகே கடமையில் நின்றிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துச் செல்ல அவளுடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஈராண்டுகளுக்கு முன் என்னிடம் படித்தவன். தலையில் கவசம் இல்லை. தங்கைக்கும் கொண்டு வரவில்லை. “தம்பி, லைசென்ஸ் இருக்கா?” என்றேன். “பதினாலு வயசுதான் சார். அப்பாதான் சாவி கொடுத்தாரு” என்றான் தலையைக் குனிந்தபடி. மாணவியைப் பள்ளியிலேயே இருக்கச் செய்து, தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். “பக்கத்துலதானே சார், தாமான் உள்ளுக்குள்ளதானே ஓட்டுறான்” என்றார் அவர்.

அவரைக் குறை கூற எனக்குத் தகுதி உண்டா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். நானும் பதின்மூன்று வயதில் தோட்டத்துச் செம்மண் பாதையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகியவன்தான். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஆனால் அது சான்றாகாது. ஏதோ ஒன்று ஆகிவிட்டவர்கள் திரும்பி வந்து பேசுவதில்லை. ஆகவே இவ்விடயத்தில் வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

தேர்வு இல்லாத காலம்

நமது சாலை விதிகள் பலவற்றின் மூலம் பிரிட்டனில் உள்ளது. அங்கு 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு வந்தது. ஆனால் தேர்வு எதுவும் கிடையாது. ஐந்து ஷில்லிங் செலுத்தினால் உரிமம் கிடைத்துவிடும். அதன் விளைவு வெளிப்பட முப்பது ஆண்டுகள் ஆயின. 1934இல் அந்நாட்டுச் சாலைகளில் 7,343 பேர் உயிரிழந்தனர். இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் அன்று அங்கு ஓடிய வாகனங்கள் மிகச் சிலவே. அதன் பிறகே அரசு விழித்துக்கொண்டது. 1935 ஜூன் முதல் நாள் தொடங்கி ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று. பழகுநர் வாகனத்தில் ‘எல்’ பலகை மாட்டும் வழக்கமும் அவ்வாண்டிலேயே வந்தது. இன்று நம் பிள்ளைகள் மாட்டும் ‘எல்’ அட்டைக்குப் பின்னால் இத்தனை உயிர்களின் கதை இருக்கிறது.

வகுப்பறைக்குள் வந்த வாகனம்

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு முயற்சி நடந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் பேராசிரியராக இருந்த ஏமஸ் நெய்ஹார்ட், 1930களின் தொடக்கத்தில் தம் சொந்தக் காரைக் கொண்டே உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஓட்டுநர் பாடம் நடத்தினார். அப்பாடம் பின்னர் நாடெங்கும் பரவியது. 1964இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றம் ‘தற்காப்பு ஓட்டுமுறை’ என்னும் பயிற்சியைத் தொடங்கியது. ‘நான் விதிப்படி ஓட்டினால் போதும்’ என்பதோடு அது நிற்கவில்லை. ‘பிறர் தவறு செய்யக்கூடும் என எதிர்பார்த்து ஓட்டு’ என்பதே அதன் சாரம்.

எதிர்பாராத பாடம்

ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. 1970களின் பிற்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் வட்டாரத்தில் ஏறத்தாழ 16,000 மாணவர்களைக் கொண்டு பேராய்வு ஒன்று தொடங்கியது. ஒரு பிரிவினருக்கு விரிவான பயிற்சி, இன்னொரு பிரிவினருக்குச் சுருக்கமான பயிற்சி, மூன்றாம் பிரிவினருக்குப் பள்ளியில் பயிற்சியே இல்லை. விரிவான பயிற்சி பெற்றவர்கள் நெடுங்காலம் பாதுகாப்பாக ஓட்டுவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் உரிமம் பெற்ற முதல் சில மாதங்களில் தெரிந்த சிறு நன்மையும் பின்னர் நிலைக்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் விரைவிலேயே உரிமம் பெற்றுச் சாலைக்கு வந்துவிட்டதும் ஒரு காரணம்.

கல்வியே வீண் என்பதா இதன் பொருள்? அன்று. வாகனத்தைக் கையாளும் திறன் சில வாரங்களில் வந்துவிடும். ஆபத்தை முன்கூட்டியே உணரும் பக்குவமோ காலத்தாலும் அனுபவத்தாலும் மட்டுமே வரும். கை பழகிவிட்டது என்பதற்காக மனமும் பழகிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

இதற்கு விடை கண்ட நாடு நியூசிலாந்து. 1987இல் அந்நாடு படிநிலை உரிம முறையைத் தொடங்கியது. முதலில் அனுபவமுள்ளவர் உடனிருக்க ஓட்ட வேண்டும். அடுத்த நிலையில் தனியே ஓட்டலாம். ஆனால் பின்னிரவில் தனியே ஓட்டக்கூடாது, நண்பர்களை ஏற்றிச் செல்லக்கூடாது. முழு உரிமம் அதன் பின்னரே. இரவும் நண்பர் கூட்டமும் இளம் ஓட்டுநருக்குப் பேராபத்து என்பதை உணர்ந்து வகுத்த விதிகள் இவை. அங்கு இளையோர் காயமடைவது குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோ 1994இலும், அமெரிக்காவின் புளோரிடா 1996இலும் இவ்வழியைப் பின்பற்றின.

நம் நாட்டில்

மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் 1973இல் கட்டாயமாயிற்று. காரின் முன்னிருக்கை வார் 1979இலும், பின்னிருக்கை வார் 2009இலும், குழந்தை இருக்கை 2020இலும் கட்டாயமாயின. 2007 முதல் தொடக்கப்பள்ளியிலேயே மலாய்மொழிப் பாடத்தின் வழி சாலைப் பாதுகாப்புக் கல்வியும் நுழைந்தது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மோட்டார் சைக்கிளுக்குப் பதினாறு வயதும் காருக்குப் பதினேழு வயதும் நிறைந்திருக்க வேண்டும். உரிமமில்லாதவரிடம் வாகனத்தைக் கொடுப்பவரும் அச்சட்டத்தின்படி குற்றவாளியே. புதிதாக உரிமம் பெற்றவர் ஈராண்டுகள் ‘பி’ ஓட்டுநராகவே இருக்கிறார்.

இத்தனை இருந்தும் 2019இல் நம் சாலைகளில் 6,167 பேர் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். சட்டம் பதினாறு வயதில் தொடங்குகிறது. நம் வீடுகளில் சிலவற்றில் சாவி பதினான்கு வயதிலேயே கைமாறிவிடுகிறது. அவ்விரண்டு ஆண்டுகளில் பிள்ளைக்குப் பயிற்சியும் இல்லை, உடனிருந்து வழிகாட்டுபவரும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, உரிமம் கிடைத்த நாளோடு உங்கள் கடமை முடிவதில்லை. முதல் ஓராண்டுக்கேனும் இரவுப் பயணத்தையும் நண்பர்களை ஏற்றிச் செல்வதையும் நீங்களே கட்டுப்படுத்துங்கள். நியூசிலாந்தில் சட்டம் செய்ததை இங்கு ஒரு தந்தையின் கண்டிப்பு செய்யலாம்.

ஆசிரியர்களே, கணிதப் பாடத்தில் இதற்கு இடமுண்டு. முன்செல்லும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்த பின், நாம் அதே கம்பத்தை அடைய இரண்டு விநாடிகளாவது ஆக வேண்டும். இதுவே இரண்டு விநாடி விதி. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளி எத்தனை மீட்டர் என்று ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடை 50 மீட்டர். திடலுக்கு அழைத்துச் சென்று அளந்தும் காட்டுங்கள். என் மாணவர்கள் அந்தத் தொலைவைக் கண்டு வியந்தார்கள். “எங்கப்பா இவ்வளவு தூரம் விடவே மாட்டாரு சார்” என்றாள் ஒரு சிறுமி. பிள்ளைகள் ஓட்டுநர் பள்ளிக்குச் செல்லும் முன்பே, பின்னிருக்கையில் அமர்ந்தபடி நம்மிடம் பாடம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுவாரம் அந்தத் தந்தை தாமே மகளை அழைத்துச் செல்ல வந்தார். என் மீதிருந்த கோபம் தணியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் வண்டியின் கூடையில் சிறிய தலைக்கவசம் ஒன்று இருந்தது. எனக்கு அதுவே போதும்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதைவிட, சாவியைக் கொடுக்கும் முன் ஒரு கணம் சிந்திப்போம்.