ஒரு பள்ளமும் இரண்டு பட்டங்களும்

ஓர் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, அதன் காம்பை உங்கள் நெற்றியில் வைக்குமாறு நண்பர் ஒருவரிடம் சொல்லுங்கள். நீங்கள் இரு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒலி நன்றாகக் கேட்கிறதல்லவா? காற்று வழி அடைபட்டாலும், மண்டையோட்டு எலும்பின் வழியாக அதிர்வு உட்செவியை எட்டிவிடுகிறது.

கேட்புத் திறனை அளந்து ஆராயும் கேட்பியல் துறையில் இது ஒரு முக்கியமான சோதனை. காது மந்தமானவருக்குக் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் தனித்தனியே ஒலி தந்து, அவர் கேட்கக்கூடிய மிகக் குறைந்த அளவை டெசிபெல்லில் குறிப்பார்கள். காற்று வழிக் கேட்பு மட்டும் குறைந்திருந்தால், பழுது வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கும். எலும்பு வழிக் கேட்பும் குறைந்திருந்தால், உட்செவியையோ நரம்பையோ ஐயுற வேண்டும். முன்னதற்கு அறுவை மருத்துவம் பல வேளைகளில் கைகொடுக்கும். பின்னதற்கு அதே அறுவை பயன்படாது. ஆகவே இந்த அளவீட்டில் நேரும் பிழை ஒருவருடைய வாழ்க்கையையே பாதிக்கக்கூடியது.

போர்க்காலத்தில் ஒரு துறை

ரேமண்ட் கார்ஹார்ட் மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1936-இல் பேச்சுத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர். இரண்டாம் உலகப்போரின்போது, 1944-இல், பென்சில்வேனியாவிலுள்ள டெஷான் இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பீரங்கி முழக்கத்திலும் குண்டு வெடிப்பிலும் செவித்திறன் இழந்த வீரர்கள் அங்கே சிகிச்சைக்கு வந்தனர். யாருக்கு எந்தச் செவிக்கருவி பொருந்தும்? வெறும் ஒலிகளை மட்டும் நம்பாமல், சொற்களைக் கேட்கவைத்துக் கருவிகளை ஒப்பிடும் முறையை அவர் வகுத்தார்.

போர் முடிந்ததும் நார்த்வெஸ்டர்னுக்குத் திரும்பி, கேட்பியலைத் தனிப் பாடமாகவே வளர்த்தார். அவருடைய மாணவர்கள் நோயாளியையும் சோதிக்கவேண்டும், ஆய்வேடும் எழுதவேண்டும்.

பள்ளத்தின் கதை

இந்த இரட்டைப் பயிற்சியின் பயனை ஒரு கண்டுபிடிப்பு காட்டுகிறது. நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உண்டு. ஓட்டோஸ்கிளரோசிஸ் என்னும் நோயில் அங்கவடி அசையமுடியாமல் இறுகிவிடும். இது நடுச்செவிப் பழுது. ஆகவே எலும்பு வழிக் கேட்பு குறையக்கூடாது. ஆனால் இந்நோயாளிகளின் வரைபடத்தில் 2000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே எலும்பு வழிக் கேட்பு சுமார் 15 டெசிபெல் தாழ்ந்து, ஒரு பள்ளம் தெரிந்தது.

உட்செவியும் கெட்டுவிட்டதா? அப்படியானால் அறுவை செய்து என்ன பயன்? கார்ஹார்ட் அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டார். அறுவை வெற்றி பெற்றவர்களிடம் பள்ளம் பெரிதும் நிரம்பியிருந்தது! கெட்டுப்போன உட்செவி அறுவையால் திருந்தியிருக்க முடியாது. அது முன்பே நன்றாக இருந்தது. அளவீடுதான் நம்மை ஏமாற்றியது.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. மண்டையோடு அதிரும்போது, சிற்றெலும்புகள் தம் நிலைமத்தால் சற்றுப் பின்தங்கி ஆடி, உட்செவிக்குக் கூடுதல் ஆற்றல் தருகின்றன. அவற்றின் ஒத்ததிர்வு 2000 ஹெர்ட்ஸை ஒட்டியே நிகழ்கிறது. அங்கவடி இறுகினால் அந்தப் பங்கு போய்விடுகிறது. 1950-இல் வெளியான இக்கருத்தால் இப்பள்ளம் ‘கார்ஹார்ட் பள்ளம்’ எனப் பெயர் பெற்றது. செவி மருத்துவம் கற்போர் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்திலேயே இருந்தவருக்கு அறுவைக்கு முந்திய, பிந்திய வரைபடங்கள் கிடைத்திரா. சோதனை அறையிலேயே இருந்தவர், அவற்றைக் கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்த நோயாளியை அழைத்திருப்பார். இரு கண்களும் ஒருவரிடமே இருந்ததால் பள்ளத்தின் பொருள் விளங்கிற்று.

பிரிந்ததும் சேர்ந்ததும்

காலப்போக்கில் பாதைகள் பிரிந்தன. அமெரிக்காவில் நோயாளிகளைச் சோதிப்போர் முதுகலைப் பட்டத்தோடு பணிக்குச் சென்றனர். முனைவர் பட்டம் பெரும்பாலும் ஆராய்ச்சியாளருக்கும் ஆசிரியருக்கும் உரியதாயிற்று. தொழில் விரிந்தபோது முதுகலைப் படிப்பின் காலம் போதவில்லை. கார்ஹார்ட்டின் மாணவரான ஜேம்ஸ் ஜெர்கரின் முயற்சியால் 1988-இல் அமெரிக்கக் கேட்பியல் கழகம் தோன்றியது. மருத்துவப் பயிற்சிக்கென்றே தனி முனைவர் பட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரி 1994-இல் அப்படிப்பைத் தொடங்கியது. பிறகு அதுவே தொழிலில் நுழையும் வாயிலாயிற்று.

நன்மைதான், ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. நான்கு ஆண்டுகள் பயின்று டாக்டர் பட்டமும் வேலையும் பெற்றவர், மீண்டும் பல ஆண்டுகள் செலவிட்டு ஆய்வுப் பட்டத்துக்கு வருவாரா? வராவிட்டால் நாளைய ஆசிரியர்கள் யார்? நோயாளியை அறிந்து கேள்வி கேட்பவர் யார்?

இதற்கு விடையாகவே சில பல்கலைக்கழகங்கள் இரு பட்டங்களையும் இணைத்துக் கற்பிக்கின்றன. பொதுப்பாடங்களை ஒருமுறை படித்தால் போதும் என்பதால், தனித்தனியே படிப்பதைவிடக் காலம் குறையும். ஆனால் பாதை எளிதன்று. காலையில் நோயாளி, மாலையில் ஆய்வுக்கருவி, இரவில் புள்ளிவிவரக் கணக்கு! உடன் படித்தவர்கள் சம்பளம் வாங்கும்போது இவர்கள் மாணவராகவே இருப்பார்கள். எல்லோருக்கும் இது தேவையுமில்லை. நல்ல சிகிச்சையாளருக்கு ஒரு பட்டமே போதும்.

ஆயினும் சிலராவது இரு கரைகளிலும் காலூன்றி நிற்கவேண்டும். மாணவ நண்பர்களே, அடுத்தமுறை வரைபடத்தில் ஒரு புள்ளி கோட்டைவிட்டு விலகி நின்றால், ‘சோதனைப் பிழை’ என்று அழித்துவிடாதீர்கள். அந்தப் பள்ளத்துக்குள்ளும் ஒரு விடை இருக்கலாம்.