போர்க்கலம் சமைத்த கதை

உப்புக் காற்று எட்டாத அன்னவாசலில் இருந்துகொண்டு போர்க்கப்பலைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், பக்கத்துக் கொடும்பாளூரின் வேளிர் குலத்தில் பிறந்த சிறிய வேளார், சுந்தர சோழனுடைய சேனைக்குத் தலைமை தாங்கிச் சென்று ஈழத்துப் போர்க்களத்தில் உயிர் நீத்தார் என்று சாசனங்கள் கூறுவதைக் கருதும்பொழுது, பத்தாம் நூற்றாண்டிலேயே இச்சீமையின் வீரர்கள் கடல் கடந்தவர்கள் என்பது விளங்கும். படைத்தலைவனை நினைவில் வைத்த கல்வெட்டுகள், அவனை ஏற்றிச் சென்ற கலத்தைக் கட்டிய தச்சனைப் பற்றி ஒன்றும் சொல்லாதது எனக்குத் தீராத வருத்தம்.

பெயர் நிலைத்த கப்பல் தச்சர்களைக் காணப் பிற்காலத்துப் பம்பாய்க்குத்தான் போக வேண்டும். வாடியா குலத்து ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி, திருக்கோணமலையின் பெயர் பூண்ட ‘டிரிங்கோமலி’ என்னும் போர்க்கலத்தைத் தேக்கு மரத்தால் நிர்மாணித்து, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கினார். தேக்கும் இருந்தது, தேர்ந்த கைகளும் இருந்தன. ஆனால் அதற்கான வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து சுமந்து வந்த ‘ஜாவா’ என்னும் கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்கள் போரில் அழித்துவிட்டமையால், மறு பிரதி வரும்வரை பம்பாய் காத்திருக்க நேர்ந்தது. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், வரைபடம் அயலாருடையதாக இருக்கும்வரை காலமும் அயலாருடையதே.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரும் முயற்சியான ‘நீலகிரி’யும் பிரிட்டிஷ் வரைபடத்தின்படியே மசகான் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு, 1968-இல் நீரில் இறங்கி, 1972 ஜூன் 3 அன்று கடற்படையில் சேர்ந்தது. அவ்வரிசையின் ஆறு கப்பல்களுள் கடைசி இரண்டிலும் கனமான ஸீ கிங் ஹெலிகாப்டருக்கு இடம் செய்ய நம் நிபுணர்கள் துணிந்தனர். மேல்தளத்தில் ஏற்றும் ஒவ்வொரு பாரமும் கப்பலின் சமநிலையைக் குலைக்கக்கூடியது; ஒன்றை வைத்தால் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும். பிறர் வரைந்ததைத் திருத்தத் துணிந்த அந்தப் பயிற்சியே பின்னர் நமக்குப் பெருந்துணையாயிற்று.

கொச்சியில் ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் உருவானபோது வந்த சோதனை எஃகைப் பற்றியது. எதிர்பார்த்தபடி ரஷ்யாவிலிருந்து தகடுகள் கிடைக்கவில்லை. அந்த எஃகோ வெடியின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், கடுங்குளிரிலும் நொறுங்கலாகாது, வெல்டிங் செய்த இடத்தில் விரிசல் காணலாகாது. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடமும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து, டி.எம்.ஆர். 249 என்ற எஃகை இங்கேயே வடித்தெடுத்தன. அவ்வளவோடு சங்கடம் தீரவில்லை. கியர்பாக்ஸ்கள் வரத் தாமதமானதால், 2011 டிசம்பரில் முற்றுப்பெறாத கலத்தை உலர்துறையிலிருந்து மிதக்கவிட்டு வெளியேற்ற நேர்ந்தது. 2009-இல் அடிமரம் இட்ட கப்பல், 2022 செப்டம்பர் 2 அன்றுதான் கடற்படையில் சேர்ந்தது. பதின்மூன்று வருஷம் அதிகம் என்று குறை கூறுவோர் உண்டு. எஃகிலிருந்து தொடங்கிய காரியத்துக்கு அதை அதிகம் என்று நான் கருதவில்லை.

மசகானில் கட்டப்பட்ட புதிய ‘நீலகிரி’, 2025 ஜனவரி 15 அன்று கடற்படையில் சேர்ந்தது. அதன் வரைபடம் இந்தியக் கடற்படையின் வடிவமைப்பாளர்களுடையது. எஃகும் இந்நாட்டில் வடித்ததே.