இரட்டைத் திரையும் மெய்ப்புத் திருத்தமும்

ஒரே கணினியில் இரு காட்சித்திரைகளை இணைத்துப் பணியாற்றும் முறை இரட்டைத் திரை எனப்படும். 1987இல் வெளிவந்த மெக்கின்டோஷ் II கணினியிலேயே இவ்வசதி இருந்தது. பின்னர் விண்டோஸ் 98 இதை வீட்டுக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது.

தமிழில் இம்முறை பெரிதும் பயன்படும் பணிகளுள் ஒன்று பழைய நூல்களை மின்பதிப்பாக்குவது. மூலத்தையும் படியையும் ஒப்புநோக்குவது இதன் உயிர்நாடி. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் அரிது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. எனவே ஒருவர் ஏட்டைப் படிக்க, மற்றவர் படியைச் சரிபார்ப்பது பதிப்பாசிரியர் மரபு.

லால்குடி எனும் திருத்தவத்துறையின் அம்மன் மீது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பெருந்திருப்பிராட்டியார் பிள்ளைத்தமிழைப் பாடினார். இத்தகைய செய்யுள் நூலில் ஓரெழுத்து பிறழ்ந்தாலும் பொருளோ எதுகையோ கெடும். அச்சுப்பக்கத்தின் படத்தையும் தட்டச்சுப் படியையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்ப்பவர், இடைப்பட்ட நொடியில் நினைவையே நம்ப வேண்டியுள்ளது. பிழை நுழைவது அங்கேதான். இரண்டாவது திரை அந்த இடைவெளியை நீக்குகிறது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தது. விக்கிமூலம் படத்தையும் எழுத்தையும் ஒரே சாளரத்தில் அருகருகே காட்டுவதால், ஒற்றைத் திரை உள்ளவரும் இப்பணியில் பங்கேற்கலாம். திரை எத்தனையானாலும், பிழையைக் காண்பது படிப்பவரின் கண்ணே.