மடங்கிய விரல்கள் நிமிர்ந்த வரலாறு

தொழுநோய் மனிதனின் விரல்களைத் தின்று அழிக்கும் என்பது பல நாட்டு மக்களிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்த நம்பிக்கையாகும். 1873 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த பின்னரும் அந்நம்பிக்கை அகலவில்லை. 1940 களிற் புதிய மருந்துகள் கிருமியை அடக்கத் தொடங்கின. எனினும், நோய் தணிந்தோரின் கைகள் பருந்தின் நகங்கள் போல் மடங்கியே கிடந்தன. நோய் நீங்கியும் அவர்க்கு வாழ்வு மீளவில்லை.

கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயரான போல் பிறாண்ட் என்னும் சத்திரவைத்தியர் 1946 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, றொபேட் கொக்கிறேன் என்பார் பணியாற்றிய செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு மடங்கிய கையொன்று தம் கையை இறுகப் பற்றிய வலிமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. அழுகி அழியும் கைக்கு இத்துணை வலிமை ஏது?

விடை அல்னர் நரம்பில் இருந்தது. இந்நரம்பு முழங்கையின் உட்புற எலும்புமுனைக்குப் பின்னே, தோலுக்கு மிக அண்மையிற் செல்கின்றது. தொழுநோய்க் கிருமியோ உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடுவது. ஆதலின் நரம்பு அவ்விடத்து வீங்கிச் சிதைகின்றது. சுண்டுவிரலும் அதனை அடுத்த விரலின் பாதியும் உணர்விழக்கின்றன. உள்ளங்கையின் சிறு தசைகளுட் பெரும்பாலானவை செயலற்று, விரல்கள் வளைகின்றன. மணிக்கட்டருகே நடுநரம்பும் பழுதுற்றால் பெருவிரலும் பயனிழக்கும். ஆயினும் முன்கைத் தசைகள் பல வலிமை குன்றாதிருக்கும்.

இவ்வுண்மையே சிகிச்சைக்கு வழிகாட்டிற்று. 1948 ஆம் ஆண்டில் வேலூரில், வலுவுள்ள தசையின் நாணை இடம்மாற்றி விரல்களிற் பொருத்தும் சத்திரசிகிச்சை தொடங்கியது. பின்னர், மணிக்கட்டை நிமிர்த்தும் தசையொன்றுடன் காலிலிருந்து எடுத்த நாணை இணைத்து, நான்கு கிளைகளாக்கி விரல்களுக்குச் செலுத்தும் முறையும் கையாளப்பட்டது. பழைய தசைக்குப் புதிய தொழிலைப் பழக்குதற்குப் பலவாரப் பயிற்சி வேண்டியிருந்தது.

விரல்கள் நிமிர்ந்தன, ஆனால் உணர்வு திரும்பவில்லை. திருந்திய கைகளுடன் தொழில் பழகியோர் மீண்டும் புண்பட்டனர். காரணம் ஆராயப்பட்டபோது, சூடான பாத்திரமும், கூரிய கருவியும், உறங்குகையில் விரலைக் கொறித்த எலியுமே குற்றவாளிகளாயின. விரல்களை அழித்தது நோயன்று; வலியறியாமையே என்பது புலனாயிற்று. கருவிகளுக்குத் தடித்த கைப்பிடி அமைத்தலும், நாள்தோறும் கைகளைக் கண்ணாற் சோதித்தலும் சிகிச்சையின் பகுதிகளாயின.

1981 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பன்மருந்துச் சிகிச்சையை விதந்துரைத்தது. நரம்பழற்சியைத் தொடக்கத்திலேயே அறிந்து தக்க மருந்து அளித்தால், கை மடங்காமற் காக்கப் பெரிதும் இயலும். சுண்டுவிரலின் மரத்துப்போன உணர்வைப் பொருட்படுத்துதல் அதற்கு முதற்படியாகும். சத்திரவைத்தியரின் கத்தி கைக்கு அசைவை மீட்டளித்தது. அக்கை அழியாது காத்ததோ, வலியின் பணியைக் கண்ணிடம் ஒப்படைத்த இடையறாத கவனமேயாம்.